பெயர் எழுதியதுதான் குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். ஓவியப் போட்டிக்கு வரும் பிள்ளைகள் செல்போனைப் பார்த்துக் காப்பியடித்துக் கொண்டுவருகிறார்கள், அப்படிப் பழகிய கைக்கு ஓவியம் வராது, அந்தப் படங்களை நடுவர்கள் ஓரங்கட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. அதில் பாதி எனக்கும் சம்மதம். மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் நீளம். வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் வெள்ளையைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள்.

நான் செல்லூர்க்காரன். ஓவியக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. 1975-ல், எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், பதினான்கு வயதில் ஒரு சினிமா பேனர் பட்டறையில் சேர்ந்தேன். தங்கம், சிந்தாமணி, சென்ட்ரல் என்று தியேட்டர் வாசல்களில் இருபதடி, முப்பதடி உயரத்துக்குக் கதாநாயகன் நிற்பாரே, அந்த வேலை. முதல் இரண்டு வருஷம் பிரஷ் கழுவினேன், பவுடர் கலரை லின்சீடு ஆயிலில் குழைத்தேன், டீ வாங்கினேன். கூலி நாளைக்கு ஒரு ரூபாய், மதியச் சாப்பாடு. மூன்றாம் வருஷம்தான் நூல் அடிக்க விட்டார்கள்.

நூல் அடிப்பது என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கம்பெனி அனுப்பும் ஸ்டில் போட்டோ மேல் பென்சிலால் சின்னச் சின்னக் கட்டம் போடுவோம். சுவரில் சாய்த்த துணியில், நீலம் தொட்ட நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். அப்படி அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம். பிறகு கட்டத்துக்குக் கட்டம் இங்கே இருப்பதை அங்கே ஏற்ற வேண்டியதுதான். மூக்கு எழுதுகிறோமா, முழங்கை எழுதுகிறோமா என்பதுகூட எழுதுகிறவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆக, காப்பியடித்தே குடும்பம் நடத்தியவன் நான். காப்பியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

ஆசிரியை சொன்னதில் எந்தப் பாதி சரி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. ரேஷன் கார்டில் ஒட்டியிருந்ததும் கரையான் அரித்துப் போனது. அம்மா தவறியபோது, மாலை போட ஒரு படம் எழுது என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அதுவரை எத்தனை நூறு முகம் எழுதியிருப்பேன்! நடுராத்திரி வரை உட்கார்ந்தேன். வரவில்லை. நூல் அடிக்கக் கட்டம் இல்லாமல், பார்க்க ஸ்டில் இல்லாமல், பெற்றவள் முகம் என் கைக்கு வரவில்லை. கடைசியில் ஒரு விளக்கை ஏற்றிவைத்துக் கும்பிட்டோம். அந்த ஆசிரியை பயப்படுவது இதைத்தான் என்றால், அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் காப்பியில் சாதி வேறு, ரகம் வேறு. அதைத்தான் எனக்கு அறுபது வயதுக்கு மேல் ஒரு கடற்கரைப் படம் கற்றுக்கொடுத்தது.

ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பேனர் போயிற்று. போர்டு எழுதினேன், பள்ளிக்கூடச் சுவரில் திருவள்ளுவர் எழுதினேன், ஆட்டோவுக்குப் பின்னால் ‘அன்னையின் ஆசி’ எழுதினேன். முழங்கால் சாரம் ஏற மாட்டேன் என்றதும் அதையும் விட்டேன். வீட்டில் சும்மா இருந்தபோது கண்ணில் பட்டது பேத்தியின் கலர் டப்பா. அவள் இப்போது எட்டாம் வகுப்பு. வாட்டர் கலர்தானே, சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று தொட்டேன். மானம் போயிற்று. எனாமலும் ஆயிலும் சொன்ன இடத்தில் நிற்கும். இது வைத்த இடத்தைத் தவிர எல்லா இடத்துக்கும் போகும். நான் எழுதிய வானத்தைப் பார்த்துவிட்டுப் பேத்தி, “தாத்தா, இது சாம்பாரா?” என்றாள்.

மகன்தான் போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்துக் காட்டினான். வின்ஸ்லோ ஹோமர் என்ற அமெரிக்கர் 1899-ல் பஹாமாஸ் தீவைக் கண்ணில் வைத்து எழுதிய நீர்வண்ணப் படம். பெயர் ‘சூறாவளிக்குப் பிறகு’. சிகாகோ மியூசியத்தில் இருக்கிறது. அவர்களே பெரிய அளவில் இலவசமாக எடுத்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள். அசல் 38 சென்டிமீட்டருக்கு 54. நாம் கடையில் வாங்கும் முழுத்தாளைப் பாதியாக மடித்தால் கிட்டத்தட்ட அந்த அளவு. மகன் அதை அசல் அளவிலேயே பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தான். எங்கே தெரியுமா? ஃப்ளெக்ஸ் கடையில். என் பிழைப்பில் மண்ணைப் போட்ட அதே மெஷின்.

படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. கடற்கரை மணலில் ஒரு கறுப்பினத்து ஆள் மல்லாந்து கிடக்கிறான். பக்கத்தில் உடைந்துபோன அவன் படகு. மணலில் கடல் ஒதுக்கிய பாசி, சிதிலம். பின்னால் இன்னும் அடங்காத அலை. மேலே கலைந்துகொண்டிருக்கும் கரிய மேகம், அதன் இடுக்கில் வெளிச்சம். இதை எழுதியபோது ஹோமருக்கு வயது 63. எனக்கும் அப்போது அதே வயது. அதில் ஒரு அற்பச் சந்தோஷம். அவர் கதையைக் கேட்டபோது சந்தோஷம் கூடியது. அவரும் கல்லூரியில் படித்தவர் இல்லை. நீர்வண்ணம் தெரிந்த அம்மாவிடம் கொஞ்சம் கற்றுக்கொண்டு, பாஸ்டனில் ஒரு லித்தோ அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டைப் படம் போட்டுக்கொண்டிருந்தவர். தன் 21-ஆம் பிறந்தநாளோடு அந்த வேலைக்கு முழுக்குப் போட்டவர். பட்டறையில் வளர்ந்த ஆள் என்றால் எனக்குத் தனிப் பாசம்.

முதல் நகலைப் பழைய புத்தியில் கட்டம் போட்டு எழுதினேன். கார்ட்ரிட்ஜ் தாள். ஆள் சரியாகக் கிடந்தான், படகு சரியாக உடைந்திருந்தது, அளவு ஒரு நூல் பிசகவில்லை. படம் செத்துக்கிடந்தது. ஏன் என்று இரண்டு நாள் புரியவில்லை. நான் கட்டம் கட்டமாக நிரப்பியிருந்தேன். அவர் வானம் முழுவதையும் ஒரே ஈரத்தில், ஒரே மூச்சில் இறக்கியிருந்தார்.

இரண்டாவதில் கட்டத்தை விட்டேன். ஆனால் அலை வந்ததும் கை தன்னால் வெள்ளை டியூபைத் தேடியது. இந்த இடத்தைத்தான் வெட்டாதீர்கள் என்றேன்.

எங்கள் தொழிலில் வெள்ளைதான் கடைசி. முதலில் இருட்டு, அப்புறம் நடு நிறம், அப்புறம் வெளிச்சம். எல்லாம் முடிந்து, துணி காய்ந்து, டீ குடித்துவிட்டு வந்து, ஆர்ட்டிஸ்ட் அண்ணன் மட்டும் ஏணியில் ஏறுவார். கண்ணின் கருவிழியில் ஒரு பொட்டு வெள்ளை வைப்பார். ‘கண் திறந்தாச்சுடா’ என்போம். அதுவரை துணியாக இருந்தது அதற்குப் பிறகுதான் எம்.ஜி.ஆர்., சிவாஜி. நாற்பது வருஷம் வெள்ளையைக் கடைசிக்கு வைத்திருந்த கை இது. நீர்வண்ணத்தில் எல்லாம் தலைகீழ். வெளிச்சம் முதலில், இருட்டு கடைசியில். வெள்ளை என்று ஒன்று டப்பாவில் இருந்தாலும் தொடக்கூடாது, தாள்தான் வெள்ளை. அலையின் நுரை வேண்டுமென்றால், முதல் பிரஷ் வைக்கும் முன்பே எது நுரை என்று முடிவு செய்து அந்த இடத்தைத் தொடாமல் சுற்றிப் போக வேண்டும். கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவனுக்குக் கடைசியில் இடமே இருக்காது.

டியூப் வெள்ளையில் நான் வைத்த நுரை, பக்கத்திலிருந்த தாள் வெள்ளையோடு சேராமல் சுண்ணாம்புத் துண்டு மாதிரி தனியாக நின்றது. பேத்தியிடம் சொல்லி வெள்ளை டியூபைப் பிடுங்கி ஒளித்துவைக்கச் சொன்னேன். இன்னும் எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

பிறகுதான் அசலைப் படிக்க ஆரம்பித்தேன். பார்ப்பது வேறு, படிப்பது வேறு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் எந்தப் பூச்சு எதன் மேல் ஏறியிருக்கிறது என்று ஓரத்தில் தெரியும். எது ஈரத்தில் விழுந்தது, எது காய்ந்த பிறகு விழுந்தது என்று விளிம்பு சொல்லும். அவர் விட்டுவைத்த வெள்ளை மட்டும் இல்லை, திருப்பிப் பறித்த வெள்ளையும் இருக்கிறது. காய்ந்த இடத்தை மறுபடி நனைத்துத் துணியால் ஒற்றி எடுத்திருக்கிறார். கத்தி மாதிரி எதையோ வைத்துச் சுரண்டியிருக்கிறார். மியூசியக்காரர்களே அப்படித்தான் குறித்திருக்கிறார்கள். அங்கங்கே, அடியில் இருப்பதை மறைக்கும் கட்டி வண்ணமும் துளி தொட்டிருக்கிறார் என்று அவர்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. டியூபை மட்டும் பேத்தி திருப்பித் தரவில்லை.

நான் பாதி பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். தாள் நன்றாக, எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் தாள் பிய்ந்து நூல் நூலாக எழும்பும். பிளேடைப் படுக்கவைத்து, மாங்காய் சீவுகிற மாதிரி இல்லை, மீன் செதில் உரசுகிற மாதிரி இழுத்தால், தாளின் மேடுகளில் இருந்த வண்ணம் மட்டும் போய்ப் பொடிப்பொடியாக வெள்ளை தெறிக்கும். அலை உடைந்து தூவானம் அடிப்பது அப்படியே வந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

வானம்தான் உயிரை வாங்கியது. மே மாதம் மதுரையில் வாட்டர் கலர் வாஷ் (நீர்க்கக் கரைத்த வண்ணத்தைத் தாளில் சீராகப் பரப்புவது) இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பலகைக்கடியில் செங்கல் வைத்துச் சாய்த்து, பிரஷ்ஷை இடமிருந்து வலம் இழுத்தால், கீழ் விளிம்பில் தண்ணீர் ஒரு மணியாகத் திரண்டு நிற்க வேண்டும். அந்த மணியைத்தான் அடுத்த இழுப்பு பிடித்துக் கீழே கொண்டுபோகும். ஃபேன் ஓடினால் பாதி வானத்திலேயே மணி காய்ந்து கோடு விழுந்துவிடும். ஃபேனை நிறுத்தினால் வீட்டுக்காரி கத்துவாள். நாலாவது நகலில், வானம் அழகாக இறங்கிக்கொண்டிருந்தபோது என் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை நடு மேகத்தில் விழுந்தது. சுற்றிலும் இருந்த வண்ணத்தை விரட்டிக்கொண்டு போய், ஓரம் சுருண்ட ஒரு பூ விரிந்தது. வாட்டர் கலர்க்காரர்கள் இதைக் காலிஃபிளவர் என்பார்கள். பொருத்தமான பெயர்தான், பஹாமாஸ் வானத்தில் எங்கள் மார்க்கெட் காலிஃபிளவர்.

இன்னொரு வில்லன் தண்ணீர். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. அதில் கரைத்த நீலம் தாளில் திரிதிரியாகப் போய் உட்கார்ந்தது. கேன் தண்ணீருக்கு மாறினேன். “குடிக்கிற தண்ணியில பிரஷ் கழுவுறீங்களே, இது உங்களுக்கே நல்லாருக்கா?” என்று இன்றுவரை திட்டு விழுகிறது.

ஆனால் மேகம் எழுதக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். ஈரத்தில் எப்போது கறுப்பு மேகத்தை வைப்பது என்பதுதான் என் பிரச்சினை. உடனே வைத்தால் ஊரெல்லாம் ஓடியது. பொறுத்து வைத்தால் காலிஃபிளவர். ஒருநாள் காலையில் வாசலில் உட்கார்ந்து அவள் கோலம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெளித்து, கூட்டி, சும்மா நின்றுகொண்டிருந்தாள். ஏன் நிற்கிறாய் என்றேன். “இப்பப் போட்டா மாவு கரைஞ்சு ஓடும். காஞ்சப்புறம் போட்டா காத்துல போயிரும். தரை தண்ணியைக் குடிச்சு மினுமினுப்பு அடங்குற நேரம் ஒண்ணு இருக்குல்ல” என்றாள். நாற்பது வருஷம் அந்த வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

தாளைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தால் அதே மினுமினுப்பு தெரிகிறது. அது அடங்க ஆரம்பிக்கும் அந்த நேரத்தில், பிரஷ்ஷில் தண்ணீர் குறைவாகவும் வண்ணம் கெட்டியாகவும் வைத்தால், மேகத்தின் ஓரம் மட்டும் மெல்லக் கசிந்து நிற்கிறது. அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பல் நிறம். ஒன்பதாவது நகலில் வானம் வந்தது.

பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து தன் தாளில் அதே படத்தை எழுதிக்கொண்டிருந்தாள். மணலில் கிடக்கும் ஆளின் கை வந்ததும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, “தாத்தா, இவன் தூங்குறானா, செத்துட்டானா?” என்றாள். பத்து தடவைக்கு மேல் அந்தக் கையை எழுதியவன் நான். ஒருதடவைகூட எனக்கு அது தோன்றவில்லை. விரலில் பிடிப்பு இருக்கிறதா, விட்டுவிட்டதா என்று முடிவு செய்யாமல் விரலை எழுத முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஹோமர் அதே வருஷம் நடுக்கடலில் பாய்மரம் ஒடிந்த படகில் ஓர் ஆளைத் தனியாக விட்டு ஓர் எண்ணெய் வண்ணப் படம் எழுதினார். அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தவர்கள் கேட்டு நச்சரித்தபோது, காப்பாற்றப்பட்டு வீட்டுக்குப் போய்ச் சுகமாக இருக்கிறான் என்று கேலியாகப் பதில் எழுதினாராம். அதை அவளிடம் சொன்னேன். “அப்ப இவன்?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவள் விரல்களைக் கொஞ்சம் மடக்கி எழுதினாள்.

மதுரைக்காரனுக்குக் கடல் ஏது? அழகர் இறங்குகிற அன்றைக்கு வைகையில் திரளும் கூட்டம்தான் நமக்குக் கடல். பதினோராவது நகல் முடிந்ததும், ஒரு தடவை நேரில் பார்த்துவிடுவோம் என்று பேத்தியைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் ரயில் ஏறினேன். அங்கிருந்து தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்து, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலோடு ஊரையே வாரிக்கொண்டு போன இடம். கூரையில்லாத சர்ச்சும் சுவர்களும் இன்னும் நிற்கின்றன. ஒரு பக்கம் அமைதியான பெண் கடல், மறு பக்கம் மன்னார் வளைகுடாவின் ஆண் கடல் என்பார்கள் அங்கே. மணலில் ஓர் உடைந்த வள்ளம் பாதி புதைந்து கிடந்தது. சூறாவளிக்குப் பிறகு என்ற தலைப்புக்கு வேறு உரை வேண்டாம்.

நான் பார்த்தது வேறு. அலையின் நுரை வெள்ளை இல்லை. ஆயுள் முழுக்க வெள்ளை என்று நினைத்திருந்தேன். மேகம் மூடிய வேளையில் அந்த நுரையில் முக்கால்வாசி நீலம் கலந்த சாம்பல். கரை ஒதுங்கும் இடத்தில் மணலின் பழுப்பு. சுத்த வெள்ளை என்பது அலை உடையும் நுனியில், நாலைந்து இடத்தில், அதுவும் கண் சிமிட்டும் நேரம். ஹோமர் தாளில் எத்தனை குறைவாக வெள்ளையை விட்டிருந்தார் என்பதும், ஏன் அதிலேயே கண் போய் விழுகிறது என்பதும் அங்கே மணலில் உட்கார்ந்திருந்தபோது பிடிபட்டது. அவர் படத்தைக் காப்பியடிக்காமல் அந்தக் கரைக்குப் போயிருந்தால், அத்தனை அலையிலும் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்திருப்பேன். அன்றைக்கு ஸ்டில் இல்லாமல், கட்டம் இல்லாமல், எதிரில் இருந்ததைப் பார்த்து முதல்முறையாக ஒரு படம் எழுதினேன். சுமார்தான்.

பேத்தியும் எழுதினாள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் பள்ளியில் ஒரு போட்டி. தலைப்பு, இயற்கைச் சீற்றம். தனுஷ்கோடியில் எழுதிக்கொண்டு வந்ததை வைத்துப் பெரிதாக எழுதினாள். இடிந்த சுவர் அவளுடையது, கடல் அவளுடையது, வள்ளம் அவள் பார்த்த வள்ளம். மேகத்தை இறக்கிய விதமும், உடைந்த வள்ளத்தை முன்னால் கொண்டுவந்து சாய்த்த அமைப்பும் ஹோமரிடம் கற்றது. கீழ் ஓரத்தில் பென்சிலால், ‘வின்ஸ்லோ ஹோமர் படத்தைப் பார்த்துக் கற்று எழுதியது’ என்று எழுதினாள். நான் எழுதச் சொல்லவில்லை. என் நகல்களின் அடியில் நான் எழுதுவதைப் பார்த்துத் தானாக எழுதியது.

நடுவராக வந்தவர் அந்த வரியைப் படித்தார். படத்தைப் பார்த்தாரா என்று தெரியாது. ‘காப்பி’ என்று சொல்லித் தனியாக எடுத்துவைத்துவிட்டார். பரிசு வாங்கிய படங்களில் இரண்டை நான் பார்த்தேன். ஒன்று கூகுளில் ‘சுனாமி’ என்று போட்டால் முதலில் வந்து நிற்கும் படம். போனில் வைத்துத் தாளை மேலே போட்டு அப்படியே கோடு இழுத்தது. அடியில் அந்தப் பிள்ளையின் பெயர் மட்டும் பெரிதாக இருந்தது. அந்தக் குழந்தையைக் குறை சொல்லவில்லை. அதற்கு யார் வேறு சொல்லிக்கொடுத்தார்கள்? பள்ளியின் பெயரோ நடுவரின் பெயரோ இங்கே வேண்டாம். இது ஒரு பள்ளியில் மட்டும் நடப்பதாகவும் நான் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பேத்தி அழவில்லை. சாப்பிட்டாள், ஹோம்வொர்க் எழுதினாள். படுக்கப் போகும்போது, “இனிமே பேரு எழுத வேண்டாமா தாத்தா?” என்றாள். இந்தக் கடிதத்தை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

அந்த ஆசிரியைக்கு ஒன்று சொல்ல ஆசை. லண்டனில் 1790-களில் மன்றோ என்று ஒரு டாக்டர் இருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பையன்களை வீட்டுக்கு வரவழைத்து, பத்து மணிவரை, கோசன்ஸ் என்ற ஓவியரின் படங்களைப் பார்த்துக் காப்பியெடுக்க வைத்தார். ஒருவன் பென்சில் கோடு இழுப்பான், இன்னொருவன் அதன் மேல் வாஷ் போடுவான். வாஷ் போட்ட பையனுக்குக் கூலி ராத்திரிக்கு மூன்றரை ஷில்லிங். இப்படி மூன்று வருஷம். முடி திருத்துகிறவர் வீட்டில் பிறந்த அந்தப் பையன்தான் பின்னாளில் கடலையும் புயலையும் எழுதிப் பேர் வாங்கிய டர்னர். கோடு இழுத்தவன் கர்ட்டின். இருபத்தேழு வயதில் செத்துப்போனாலும் இங்கிலாந்து நீர்வண்ணத்தில் அவனை விட்டுவிட்டுப் பேச முடியாது. நம் நாட்டிலும் நந்தலால் போஸ் இளம் வயதில் அஜந்தா குகைக்குள் உட்கார்ந்து சுவர் ஓவியங்களை நகலெடுத்தவர்தான். அவர்கள் யாரும் காப்பியோடு நின்றுவிடவில்லை என்பீர்கள். சரி. ஆனால் அதைத் தாண்டித்தான் போனார்கள், சுற்றிக்கொண்டு போகவில்லை.

எதிர்க்கட்சிக்கும் ஒரு பாயிண்ட் நானே எடுத்துத் தருகிறேன். ஓவியனாக விரும்புகிறவன் அடுத்தவன் படத்தைப் பார்க்கவே கூடாது என்று சொன்னவர் யார் தெரியுமா? இதே ஹோமர்தான் என்கிறார்கள். இளவயதில் சொன்னதாம். அவர் பேச்சை மீறி அவர் படத்தையே பதினான்கு தடவை எழுதியிருக்கிறேன். அச்சகத்தில் அடுத்தவன் சொன்னதையே எழுதி எழுதிச் சலித்த கடுப்பில் சொல்லியிருப்பார் என்று நான் சமாதானம் செய்துகொள்கிறேன். பட்டறைக்காரன் கடுப்பு எனக்குத் தெரியும்.

இன்னொன்று, இது எல்லாருக்கும் வேண்டாத தகவலாக இருக்கலாம். அவர் 1887-ல் எழுதிய ஒரு படத்தில் சாயங்கால வானத்துச் சிவப்பு வெளுத்து, இன்று கிட்டத்தட்ட வெறும் தாளாக நிற்கிறதாம். சிகாகோக்காரர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். போர்டு எழுதியவர்கள் சிரிப்பார்கள். மேற்குப் பார்த்த கடை போர்டில் முதலில் சாகிறது சிவப்புதான். இது எங்களுக்குப் பால்பாடம். ஆக, நான் காப்பியடிக்கும் படமும் அவர் எழுதிய படமும் ஒன்றுதானா என்பதே கேள்வி. ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் ஊகம் சேர்ந்தே ஆக வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. போட்டி நடத்துகிறவர்கள், ‘பார்த்து எழுதியது’ என்று ஒரு பிரிவைத் தனியாக வைக்கட்டும். அசல் யாருடையது என்று எழுதாத படத்தை அதில் சேர்க்க வேண்டாம். அசல்காரர் பெயரை எழுதிய படத்தை எதிலிருந்தும் விலக்க வேண்டாம். டிராயிங் பீரியடை கணக்கு சாருக்குத் தாரை வார்க்காத பள்ளி ஏதாவது மதுரையில் மிச்சமிருந்தால், ஒரு பருவம் முழுக்க ஒரே ஒரு நல்ல படத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கட்டும். கட்டம் வேண்டாம், போன் மேல் தாளைப் போடுவதும் வேண்டாம். எதை முதலில் வைத்தார், எதை விட்டார் என்று மட்டும் கேட்கட்டும்.

உங்களிடமும் ஒரு குறை. உங்கள் சிறுவர் பக்கத்தில் வரும் படங்களில் பாதி எங்கோ பார்த்தவை. பிள்ளையின் பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் போடுகிறீர்கள். எதைப் பார்த்து எழுதினாய் என்று ஒரு வரி கேட்டு வாங்கிப் போட்டால் இடம் என்ன, அரை சென்டிமீட்டர் போகுமா?

பேத்திக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில், “எழுது” என்பதுதான். அடுத்த போட்டி தீபாவளிக்கு முன்னால் வருகிறது. எழுதுவாளா என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் பேனர் ஆர்ட்டிஸ்ட்,
செல்லூர், மதுரை.

(பெயரை வெளியிட வேண்டாம். பெயர் வந்தால் பேத்தியின் பள்ளி தெரிந்துவிடும்.)

பின்குறிப்பு: அந்த ஆசிரியை விரும்பினால் பதினான்கு நகல்களையும் அவர் வகுப்புக்கு எடுத்துவருகிறேன். பஸ் காசுகூட வேண்டாம். நாலாவதை, அந்த வியர்வை விழுந்ததை, வீட்டிலேயே வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதையும் கட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.